சிவனொளிபாதமலையில் ஓயாத மணி

அடியார்களே, என்னைப் பெற்ற ஐயாவை நான் மலையில் தொலைத்தேன். இருட்டிலே இல்லை, பட்டப்பகலில். என் கண் முன்னாலேயே எழும்பி நடந்து, மேகத்துக்குள் போனார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் இதை வாயால் சொல்லும்படி கேட்டீர்கள். சபையில் எழும்பி நின்றால் எனக்கு நாக்குத் தடுமாறும். அதனால் எழுதிக்கொண்டு வந்து வாசிக்கிறேன். இதில் வரும் என் பெரியப்புவை முரசுமோட்டையில் எல்லாருக்கும் தெரியும். அவரைக் குறைத்தும் சொல்ல மாட்டேன், கூட்டியும் சொல்ல மாட்டேன். நடந்ததைச் சொல்கிறேன்.

எனக்கு நெருப்புக் காய்ச்சல் வந்து பிழைக்க மாட்டேன் என்று பாயில் கிடந்தபோது அம்மா ஒரு நேர்த்தி வைத்தார். "அப்பனே, என்ரை பிள்ளை எழும்பி நடந்தால் இந்த வளவிலை உள்ள எல்லாரும் உன்ரை காலடிக்கு ஏறி வாறம்." காலடி என்றது, உச்சியில் சிவனின் பாதம் பதிந்த சிவனொளிபாதமலை. அம்மா மலையையே கண்டதில்லை. எங்கள் குடும்பத்தில் ஒருவருமே கண்டதில்லை. வன்னியில் குளக்கட்டுத்தான் எங்களுக்கு உயரம்.

நான் எழும்பி நடந்தேன். நேர்த்தி கழுத்தில் நின்றது.

எங்கள் வளவில் ஐந்து பேர். ஐயா, அம்மா, நான், தங்கச்சி பவளம், பிறகு ஐயாவின் தமையனான பெரியப்பு. அவருக்கு மனைவி மக்கள் இல்லை. இந்தக் காணியைக் காடு வெட்டி எடுத்தவர் அவர்தான். ஐயாவைச் சிறு வயதிலிருந்து வளர்த்தவரும் அவர்தான். அதனால் வீட்டில் அவர் சொன்னதுதான் சொல். ஐயா ஒரு நாளும் தமையனுக்கு எதிர்க்கதை கதைத்ததில்லை. நான் எஸ்.எஸ்.சி. வரை படித்ததுகூட அம்மா அழுது குளறியதால் நடந்தது. அந்த நாளிலிருந்து பெரியப்பு என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "துரை" என்பார். "துரைக்குச் சோறு போடுங்கோ. துரைக்கு வரம்பிலை நடந்தால் கால் நோகும்."

பவளம் கெட்டிக்காரி. வகுப்பில் முதலாம் பிள்ளை. பெரியப்பு தீர்ப்புச் சொல்லிவிட்டார். "சித்திரையோடை பள்ளிக்கூடம் காணும், நிக்கட்டும். ஒரு துரை இந்த வளவுக்குக் காணும்." ஐயா தலையைக் குனிந்துகொண்டு மண்வெட்டியைக் கழுவினார். நான் பெரியப்புவை வெறுத்தேன். மறைக்க மாட்டேன். ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளினோம், முகத்துக்கு முகம் பாராமல்.

போன வருடம் பங்குனி. நெல்லுச் சூடு மிதித்து முடிந்து, கையில் கொஞ்சம் நேரம் கிடைத்தது. பயண ஏற்பாடு என் பொறுப்பாயிற்று, ஸ்டேஷன் பலகையில் கோச்சி நேரம் வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன் என்பதால். மலைக்குப் போய்வந்தவர்களைப் பரந்தன் சந்தியில் தேடித் தேடிக் கேட்டேன். எல்லாரும் ராவோடு ராவாக ஏறிச் சூரியன் உதிக்கிறதைப் பார்ப்பார்களாம். அம்மாவுக்கு மாலைக்கண். பொழுது பட்டால் சுவரைத் தடவித்தான் நடப்பார். ஆகவே நான் வேறு மாதிரி யோசித்தேன். விடிய வெளிக்கிட்டு, மத்தியானத்தோடு உச்சியில் கும்பிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே அடிவாரத்துக்கு இறங்கிவிட வேண்டும். ஆளுக்கொரு தடித்த சால்வை. நனையாமல் எண்ணெய்ச் சீலையில் சுற்றிய மாற்றுடுப்பு. புட்டு, எள்ளுருண்டை, பனங்கட்டி. பவளம் அம்மாவின் கையை விடக்கூடாது.

வெளிக்கிட முதல் நாள் எல்லாரையும் முற்றத்தில் இருத்திச் சொன்னேன்: "படியை விட்டு ஒருத்தரும் இறங்கக்கூடாது. ஒராள் களைச்சால் எல்லாரும் இருக்கிறது. ஆராவது பிரிஞ்சு போனால் நிண்ட இடத்திலையே நிக்கவேணும், தேடி அலையக்கூடாது."

பெரியப்பு வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார்.

"கேட்டியோடா, தம்பி," என்று ஐயாவைப் பார்த்தார். "உன்ரை மகன் எனக்குக் காடு படிப்பிக்கிறான். கரடி நிண்ட காட்டை வெட்டினவன் நான். நான் நடக்கேக்கை இவர் பின்னாலை வந்து கால் பாத்து வைக்கச் சொல்லுவார்."

"அவன் பாதுகாப்புக்குச் சொல்லுறான், அண்ணை," என்றார் ஐயா மெல்ல.

"பாதுகாப்பு! அப்ப வீட்டிலை இரு. இதைவிடப் பாதுகாப்பு எங்கை இருக்கு?"

அவ்வளவுதான். ஐயா எழும்பி மாடு கட்டப் போய்விட்டார்.

கோச்சியில் ஏறி, இறங்கி, வேறு கோச்சி மாறி, அட்டனில் பஸ் பிடித்து, மஸ்கெலியா தாண்டி அடிவாரத்து மடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். வழி முழுக்கப் பெரியப்பு குறை சொன்னார். குளிர் குறை. தேத்தண்ணி குறை. யன்னலுக்கு வெளியே தேயிலைத் தோட்டத்தைப் பார்த்து, "ஒரு வயல் இல்லை, ஒரு குளம் இல்லை. இதெல்லாம் ஒரு நாடோ?" என்றார். மலை தெரிந்ததும் அம்மா கை குவித்தார். நான் பயந்துபோனேன். வானத்தில் கல்லைக் கொண்டுபோய் நட்டு வைத்ததுபோல் நின்றது. எங்களைப் பார்த்து வா என்று அது சொல்லவில்லை.

விடிய ஆற்றில் முழுகிவிட்டு ஏறத் தொடங்கினோம். முதலில் எல்லாம் நான் நினைத்தபடி நடந்தது. வெயில் எறித்தது. இறங்கி வந்த சனம் "அரோகரா" சொல்லிப் போனது. பவளம் அம்மாவின் கையை விடவில்லை. உச்சிக்கு முந்திய கடைசி மடத்தை நாங்கள் பிடித்தபோது நான் உள்ளுக்குள் பெருமைப்பட்டேன்.

அங்கேதான் மேகம் இறங்கியது.

வன்னியில் மழை வருவதைத் தூரத்திலேயே பார்க்கலாம். வயலைத் தாண்டி நடந்து வரும். இது அப்படி வரவில்லை. கீழேயிருந்து புகைபோல எழும்பிற்று. எதிரே நின்ற மரம் போயிற்று, பிறகு படி போயிற்று. பிறகு மழை கல்லெறிகிறதுபோல் விழுந்தது. காற்று மடத்துத் தகரத்தைப் பிய்க்கப் பார்த்தது. மடத்தில் ஒரு தேத்தண்ணிக்கடை. தோட்டத்து ஆள் ஒருவர் நடத்தினார். அவரும் நாங்களும்தான்.

"மழை விட்டதும் ஏறுவம். இன்னும் கொஞ்சத் தூரந்தான்," என்றேன்.

பெரியப்பு எழும்பினார். முழங்கால் நோவில் முகம் கறுத்திருந்தது. "காணும். இஞ்சை நிண்டே கும்பிட்டால் சாமி கோவிக்காது. இறங்குவம்."

"நேத்தி முடிக்கவேணுமெல்லோ..." என்று அம்மா தொடங்கினார்.

"ஆரின்ரை நேத்தி? உவன்ரை உயிருக்கு வைச்ச நேத்திக்கு நாங்கள் எல்லாரும் சாகிறதோ?"

நான் சொன்னேன்: "பெரியப்பு, இறங்கிறதெண்டாலும் மழை விடட்டும். படி வழுக்கும்."

"உன்ரை படி ஆருக்கு வேணும்?" மடத்தின் பக்கத்தால் பாறையிடையே ஒரு ஓடை இரைந்துகொண்டு ஓடியது. அதை அவர் கையால் காட்டினார். "காலமை முழுகின ஆறு உதுதானே. தண்ணி போற வழியைப் பிடிச்சால் நேரே அடிவாரம். தண்ணியைப் பிடிச்சுக்கொண்டு போனவன் எந்தக் காட்டிலை துலைஞ்சவன்?"

அடியார்களே, நீங்கள் யாரும் அவரைக் குறை சொல்ல மாட்டீர்கள். எங்கள் காட்டில் வழி தவறினால் நாமெல்லாம் செய்வது இதுதானே. ஓடையைப் பிடித்தால் குளம், குளம் கண்டால் ஊர். தாய்ப்பாலோடு வந்த அறிவு. நானே அதை ஒரு கணம் நம்பினேன். ஆனால் படியை விடக்கூடாது என்று சொன்னவன் நான். அதனாலேயே அவருக்குப் படி ஆகாது.

"ஐயா, நீங்கள் போகாதேங்கோ," என்றேன்.

ஐயா என்னைப் பார்த்தார். தமையனைப் பார்த்தார். பெரியப்பு அதற்குள் பாறையில் இறங்கிவிட்டார். "அண்ணையைத் தனிய விடேலாது, தம்பி. நீ கொம்மாவையும் பிள்ளையையும் பார்," என்று சொல்லிச் சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டு பின்னால் போனார். நாலு எட்டில் முதுகு மங்கிற்று. பிறகு இல்லை.

கடைக்காரர் உள்ளே அடுப்பு ஊதிக்கொண்டிருந்தவர் வெளியே வந்தார். "பெரியவங்க ரெண்டு பேரும் எங்கிட்டுப் போனாங்க?"

ஓடையைக் காட்டினேன். அவர் கையிலிருந்த ஊதுகுழல் விழுந்துவிட்டது.

"ஐயய்யோ தம்பி! அந்த ஓடை கொஞ்சத் தூரந்தாங்க ஓடுது. அதுக்கப்புறம் பாறை அப்படியே அறுந்து போவுது. தண்ணி விழுவுற எடம். மனுசன் எறங்க முடியாதுங்க."

நான் கத்தினேன். காட்டில் ஆளைக் கூப்பிடுகிறதுபோல் வாயில் கை குவித்துக் கூவினேன். மேகம் அந்தச் சத்தத்தைப் பஞ்சில் சுற்றினாற்போல் விழுங்கிற்று. பவளம் "ஐயா, ஐயா" என்று குளறினாள். ஓடையில் இறங்கப் போனேன். கடைக்காரர் இடுப்பில் கட்டிப் பிடித்தார்.

"நீங்களும் போனா அப்புறம் மூணு பேரையில்ல தேடணும்? இந்த மேகத்துல எனக்கே வழி தெரியாதுங்க."

அப்போது என் மனம் போன போக்கைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. நான் கும்பிடவில்லை. சண்டை பிடித்தேன். "உன்ரை காலடிக்குத்தானே வந்தனாங்கள்? என்னைப் பிழைக்க வைச்சது இதுக்கோ? ஐயாவைத் தா. வேறை ஒண்டும் வேண்டாம். அவரைத் தா." இதுதான் என் பிரார்த்தனை. திருமுறை ஒன்றும் நாவில் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

அம்மா அழவில்லை. சேலைத் தலைப்பைப் பிழிந்து இடுப்பில் செருகினார்.

"தம்பி, மேலை போவம்."

"அம்மா, விசரோ உங்களுக்கு?"

"வைச்ச நேத்தியை முடிக்காமல் அவரிட்டை நான் எந்த வாயாலை கேக்கிறது? இஞ்சை இருந்தால் மட்டும் உன்ரை ஐயா வந்திடுவரோ? நட."

கடைக்காரர் அடுப்பை அவித்துவிட்டுக் கூட வந்தார். அவர் முன்னே போய் ஒவ்வொரு படியாகக் காலால் தட்டிச் சொன்னார். படியோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறினோம். காற்று எங்களைப் பிடித்துத் தள்ளியது. அந்த மலைக்கு எங்கள்மேல் என்ன பகை என்று எனக்குத் தெரியவில்லை.

உச்சியில் மழைக்கு ஒதுங்கிக் கொஞ்சம் சனம் நின்றது. பல இடத்துச் சனம். பாதிப் பேரின் பாஷை எனக்கு விளங்கவில்லை. அம்மா பாதத்தில் தலையை வைத்தார். நெடுநேரம் எடுக்கவில்லை.

அங்கே ஒரு மணி தொங்குகிறது. எத்தனை தரம் மலைக்கு வந்தாயோ அத்தனை அடி அடிக்கலாம். அதுதான் அந்த இடத்து வழக்கம். முதல்தரம் வந்தவனுக்கு ஓரடி. கூட அடித்தால் பொய் சொன்ன கணக்கு. அம்மா ஓரடி அடித்தார். பவளத்தைத் தூக்கிப் பிடித்தேன், அவளும் அடித்தாள். பிறகு நான்.

ஓரடி அடித்தேன். கை கயிற்றை விடவில்லை.

எனக்குள் இருந்த கோபம் எல்லாம் கைக்கு வந்தது. அடித்தேன். ஐயாவைத் தா. அடித்தேன். ஐயாவைத் தா. யோசித்துச் செய்ததல்ல. யாருக்கும் கேட்கட்டும் என்றும் அடிக்கவில்லை. சாமியின் காதுக்குள்ளே அடிக்கிறதாகத்தான் எனக்கு நினைப்பு. விடாமல், மூச்சு விடாமல் அடித்தேன்.

சனம் திரும்பிப் பார்த்தது. பிறகு சத்தம் போட்டது. ஒரு தடித்த மனிதர் வந்து என் தோளைப் பிடித்து இழுத்தார். இன்னொருவர் கயிற்றைப் பறித்தார். ஒரு கிழவி என்னை ஏசினாள். ஏச்சுக்குப் பாஷை தேவையில்லை, முகமே சொல்லும். நான் முழங்கையால் இடித்துக்கொண்டு அடித்தேன். தடித்தவர் கையை ஓங்கிவிட்டார்.

கடைக்காரர் நடுவில் புகுந்தார். அவர்களுடைய பாஷையில் என்னவோ அவசரமாகச் சொன்னார். கீழே காட்டினார். ஓடையைக் கையால் வரைந்து, அது அறுந்து விழுவதைக் காட்டினார். ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு அந்தக் கை இறங்கி, என்னை ஒரு பக்கமாகத் தள்ளி, கயிற்றைத் தானே பிடித்தது.

அவர் அடித்தார். என் கை தோல் உரிந்து இரத்தம் வந்ததை அப்போதுதான் கண்டேன். அவர் களைத்ததும் மற்றவர். அவருக்குப் பிறகு, என்னை ஏசின கிழவி. எத்தனை தரம் வந்தவர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. மணி ஓயவேயில்லை. அரைவாசி மேகத்துக்குள், யாரென்று தெரியாத மனிதர்கள் என் ஐயாவுக்காக மணி அடித்தார்கள்.

நான் பாதத்தடியில் விழுந்தேன். அப்போதுதான் கும்பிட்டேன். "உன்ரை விருப்பம்," என்றேன். வேறு சொல் மிஞ்சவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. பவளம் கத்தினாள்.

படியில் ஒரு தலை தெரிந்தது. சால்வை இல்லை. கால் முழுக்க அட்டைக்கடி. முழங்காலில் இரத்தம். ஐயா. எங்களைக் கண்டதும் ஓடி வந்தார். என் கையைப் பிடித்துப் பார்த்தார், பவளத்தின் தலையைத் தடவினார், அம்மாவை மேலும் கீழும் பார்த்தார். பதறிப்போய் நின்றார்.

"என்னடா தம்பி, ஆருக்கு என்ன நடந்தது?"

"உங்களுக்குத்தான் ஐயா! உங்களைத்தான் தேடினனாங்கள்!"

"எனக்கோ? எனக்கு ஒண்டுமில்லையே. உங்களுக்கு என்னவோ எண்டெல்லோ நான் ஓடி வந்தனான்."

பிறகு மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார். ஓடையில் இறங்கிப் போயிருக்கிறார்கள். வழி செங்குத்தாகிவிட்டது, கையை ஊன்றி ஊன்றி இறங்கியிருக்கிறார்கள். அப்போது மேலே மணி கேட்டதாம். முதலில் ஐயா கவனிக்கவில்லை. ஓரடி, ஓரடி, ஓரடி. பிறகு ஓயாமல்.

"மேய்ற மாட்டின்ரை மணி விட்டு விட்டுத்தான் கேக்கும். ஓயாமல் கேட்டால் மாடு சேத்திலையோ கொடியிலையோ மாட்டிப்போட்டுது. அந்தச் சத்தம் கேட்டால் எனக்குக் கால் நிக்காது. 'அண்ணை, பிள்ளையளுக்கு என்னவோ வந்திட்டுது, நான் போறன்' எண்டன். 'விசர்க் கதை கதையாமல் வா' எண்டார். நான் வரமாட்டன் எண்டு சொல்லிப்போட்டுத் திரும்பினனான்."

அடியார்களே, இதை நன்றாகக் கேளுங்கள். தமையனுக்கு "மாட்டேன்" என்று என் ஐயா சொன்ன முதல் நாள் அது. எங்களைக் காப்பாற்ற ஓடி வந்தவர், ஓடி வந்ததாலேயே தப்பினார்.

பின்னால் பெரியப்பு ஏறி வந்தார். தனியே இறங்க அவருக்கும் மனம் வரவில்லைப் போலும். என் கையையும் மணியையும் பார்த்தார்.

"மணி அடிக்கிறதுக்கும் எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணவேணும்போலை," என்றார்.

அந்த நேரம் மேகம் கிழிந்தது. வெயில் விழுந்தது. கடைக்காரர் கையை நீட்டிக் காட்டினார். தூரத்தில் கறுத்த பாறை ஒன்று நிமிர்ந்து நின்றது. அதன் விளிம்பிலிருந்து ஓடை வெள்ளை நூலாகக் கீழே விழுந்தது. நடுவில் கால் வைக்க ஓர் இடம் இல்லை. பெரியப்பு நெடுநேரம் பார்த்தார். பிறகு வெற்றிலைப் பையைத் தேடினார். அதை ஓடையில் விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

ஐயா மணிக்கு ஓரடி அடித்தார். பெரியப்பு அடிக்கவில்லை.

படியாலேயே இறங்கினோம். வெளிச்சம் குறையக் குறைய அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டார். பொழுதுபட முன்பே அடிவாரத்து மடம் வந்துவிட்டது. போன எல்லாரும் வந்து சேர்ந்தோம். வழியில் கடைக்காரரை அவர் கடையில் விட்டுப் பிரியும்போது எள்ளுருண்டைப் பொட்டலத்தைக் கொடுத்தேன். வேறு என்னத்தைக் கொடுப்பது?

ஊருக்கு வந்தபின் பெரியப்பு திருந்தினார் என்று நான் சொல்லப் போவதில்லை. தம்பியை ஆபத்திலிருந்து மேலே கூட்டி வந்தவர் தான்தான் என்று பரந்தன் சந்தியில் சொல்கிறாராம். சொல்லட்டும். சித்திரை பிறந்தது. பவளத்தின் புத்தகங்களை எடுத்துப் பரணில் போடச் சொன்னார். ஐயா மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டு நின்றவர், திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்:

"அவள் போகட்டும், அண்ணை. நான் மறிக்க மாட்டன்."

இரண்டாவது "மாட்டன்". பவளம் இன்றைக்கும் பள்ளிக்கூடம் போகிறாள். நான் ஐயாவின் உயிரைத்தான் கேட்டேன். கேட்காத இதையும் அவன் தந்தான்.

அதன் பிறகு இந்தப் பிள்ளையார் கோயிலில் மாலைப் பூசை மணியை நானே கேட்டு எடுத்துக்கொண்டேன். வயிற்றில் கோபம் இருக்கிற நாளிலும் வந்து அடிக்கிறேன். உங்களில் யாருக்காவது வீட்டில் ஒருவர் தொலைந்து நின்றால், வாயில் நல்ல சொல் வரவில்லையே என்று நிற்காதீர்கள். கோபமாக இருந்தால் கோபத்தோடே கூப்பிடுங்கள். எனக்கு இவ்வளவுக்குத்தான் உரிமை என்று ஓரடியோடு கையை எடுத்துவிடாதீர்கள். யாருடைய கையை அனுப்பி அவன் அந்தக் கயிற்றைப் பிடிப்பான் என்று நமக்குத் தெரியாது.

பெரியப்பு இன்னும் என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. கோயிலுக்குப் பக்கத்து வயலில்தான் உழுகிறார். நான் கயிற்றைப் பிடிக்கும்போது, "துரை தொடங்கிட்டார்" என்று எருதுகளுக்குச் சொல்வது எனக்குக் கேட்கும்.

ஆனால் மணி ஓயும்வரை அந்த எருதுகள் நிற்கின்றன. அவரும் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்.